நெல்லி மரக் கவட்டையில் ஒரு மஞ்சள் பறவை: பெயரும் கூட்டு வழக்கமும்

நெல்லிமரத்தடி

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. மா, புளி, கொஞ்சம் பெருநெல்லி. வேலிக்கு அப்பால் புதர்க்காடு தொடங்கிவிடும். அங்கே ஒரு நெல்லி மரத்தில், கை எட்டாத உயரத்தில், சின்னத் தேநீர்க் குவளை அளவில் ஒரு கூடு இருக்கிறது. வெளிப்புறம் சாம்பல் வெள்ளையாக, மெழுகிவிட்டதுபோல வழவழப்பாகத் தெரிகிறது. உட்காரும் பறவை சிட்டுக்குருவியை விடச் சற்று மெலிவு. அடிப்பகுதி மஞ்சள், முதுகு இலைப்பச்சை, இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடுகள்.

அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தக் கிளையும் அதில் சேரும். இது எந்தப் பறவை, இன்னும் எத்தனை நாள் கூட்டில் இருக்கும் என்று தெரிந்தால் அவர்களிடம் பேச வசதியாக இருக்கும். கைப்பேசியில் எடுத்த படம் இலை மறைவில் மங்கலாக விழுந்திருக்கிறது. மன்னிக்கவும்.

தோட்டக்காரன்58

இதில் என்ன சந்தேகம் அம்மா? தையல்சிட்டு. பச்சை முதுகு, சின்ன உடம்பு, தோப்பு. எங்கள் வீட்டுக் கொல்லையில் வருடா வருடம் கட்டுகிறது. கிளையை வெட்டினாலும் பக்கத்தில் வேறொன்று கட்டிக்கொள்ளும். கவலைப்படாதீர்கள்.

பழனிப்பறவை

தோட்டக்காரன் ஐயா, தையல்சிட்டுக்கு இறக்கையில் வெள்ளைக் கோடு கிடையாது. நெற்றியும் உச்சியும் செம்பழுப்பாக இருக்கும். வாலைச் செங்குத்தாகத் தூக்கி வைத்துக்கொள்ளும். கூடும் திறந்த கிண்ணமாக இருக்காது. நாட்டு பாதாம், அத்தி, தேக்கு என்று அகலமான இலையாகத் தேர்ந்து, ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சிழையையும் சிலந்தி நூலையும் கோத்து இலையைப் பையாக மடித்துக்கொள்ளும். முடிச்சு எதுவும் போடுவதில்லை. துளைக்கு வெளியே இழை பிரிந்து புடைத்து நிற்பதால் அது நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவையும் செய்வது பெண் பறவை. அந்தப் பைக்குள்தான் மெத்தை வைக்கும். நெல்லியின் பொடி இலையை வைத்துக்கொண்டு எந்தத் தையல்சிட்டும் எதையும் தைக்க முடியாது.

நெல்லிமரத்தடி அவர்களே, பெயர் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள். கூடு கவட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, இல்லை இரண்டு குச்சிகளுக்கு நடுவே விளிம்பில் தொங்குகிறதா? பறவையின் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டா? வால் என்ன நிறம்?

கயல்

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வெள்ளைக்கண்ணி என்று தோன்றுகிறது. மஞ்சளும் பச்சையும் கலந்த சின்னப் பறவை, சிலந்தி நூல் வைத்த கிண்ணக் கூடு. படத்தைக் கொஞ்சம் தெளிவாக எடுக்க முடியுமா? மறைக்கும் இலைகளை ஒதுக்கிவிட்டு, ஏணி வைத்து மேலிருந்து ஒரு படம் எடுத்தால் முட்டையின் நிறமும் தெரிந்துவிடும். வெள்ளைக்கண்ணி என்றால் புள்ளியே இல்லாத வெளிர்நீல முட்டை இருக்கும்.

கரிச்சான்கூட்டாளி

ஏணி வேண்டாம்.

நெல்லிமரத்தடி

பழனிப்பறவை ஐயா, கூடு தொங்கவில்லை. மூன்று குச்சிகள் பிரியும் கவட்டையில் அழுந்த உட்கார்ந்திருக்கிறது. குச்சியைச் சுற்றியும் அந்தச் சாம்பல் பூச்சு ஏறியிருப்பதால், மரத்திலிருந்தே முளைத்ததுபோலத் தெரிகிறது. கண்ணைச் சுற்றி வளையம் இல்லை. ஆனால் கண்ணே வெளிறி இருக்கிறது. வால் பச்சை கலந்த மங்கல் நிறம்.

இன்னொன்று. பக்கத்துப் புளிய மரத்தில் வேறொரு பறவை ஓயாமல் கத்துகிறது. உருவம் இதே அளவுதான். ஆனால் தலையும் முதுகும் வாலும் கறுப்பு, வயிறு எலுமிச்சை மஞ்சள். அது இதன் எதிரியா?

பழனிப்பறவை

எதிரி இல்லை அம்மா, வீட்டுக்காரர். நீங்கள் பார்ப்பது மாம்பழச்சிட்டு. அறிவியல் பெயர் ஏகிதினா டிஃபியா. கூட்டில் இருப்பது பெண், புளியமரத்தில் இருப்பது ஆண்.

பலர் தடுமாறுவதற்குக் காரணம் இந்தப் பறவையின் உடை மாற்றம். இனப்பெருக்கக் காலத்தில் நம் பக்கத்து ஆணுக்கு உச்சியிலும் முதுகிலும் கறுப்பு ஏறும். காலம் முடிந்ததும் அந்தக் கறுப்பு உதிர்ந்து பெண்ணைப்போல ஆகிவிடும். அப்போதும் ஆணின் வாலும் இறக்கையும் கறுப்பாகவே இருக்கும். பெண்ணின் வால் பச்சைதான். வட இந்தியாவில் பல இடங்களில் ஆணுக்குக் கூடு கட்டும் காலத்தில்கூட முதுகில் கறுப்பு மிகக் குறைவு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பினால் ஊருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டி வரும். எந்தக் காலத்திலும் ஏமாற்றாத அடையாளம் இறக்கையின் இரட்டை வெள்ளைப் பட்டை. இலைக்குள் மறைந்து கம்பளிப்புழு தேடும்போது முதலில் கண்ணில் படுவதும் அதுதான்.

ஆனால் உங்கள் பறவையை எனக்கு உறுதிப்படுத்தியது கூடு. வெள்ளைக்கண்ணியின் கிண்ணம் பெரும்பாலும் கிடைமட்டக் கவட்டையில் விளிம்பால் கட்டப்பட்டுத் தொங்கும்; அடியில் தாங்கல் இருக்காது. மாம்பழச்சிட்டின் கிண்ணம் கிளைமேல் உட்காரும். மெல்லிய புல்லையும் நாரையும் வளைத்து, வெளியே சிலந்தி நூலைத் தடவித் தடவி மெழுகிவிடும். நீங்கள் சொன்ன சாம்பல் பூச்சு அதுதான்.

கரிச்சான்கூட்டாளி

ஐயா சொன்னதோடு ஒரு சேர்க்கை. கவட்டையில் அமர்ந்த, சிலந்தி நூல் மெழுகிய கிண்ணம் என்பது மாம்பழச்சிட்டுக்கு மட்டும் உரியதல்ல. வெண்புருவ விசிறிவால் குருவியும் ஏறத்தாழ இதே மாதிரிதான் கட்டும். இரண்டையும் வெறும் கூடாகக் காட்டினால் நான் பந்தயம் கட்டமாட்டேன். சின்ன மின்சிட்டின் கூடும் சிலந்தி நூல் போர்த்திய கிண்ணம்தான். அது மேலே பட்டைத் துணுக்குகளையும் ஒட்டி, மரக்கணு என்றே நினைக்க வைக்கும்; பெரும்பாலும் இன்னும் உயரத்தில் இருக்கும். அரசவால் ஈப்பிடிப்பானும் சிலந்தி நூல்காரர்தான். ஆக, கூடு பட்டியலைச் சுருக்குகிறது. அதில் யார் உட்காருகிறார் என்று பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

பழனிப்பறவை

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வளையத்தையும் வாலையும் கேட்டேன். விசிறிவாலுக்கு உடம்பில் மஞ்சளே கிடையாது. ஒரு நொடி சும்மா நிற்காமல் வாலை விரித்து ஆடிக்கொண்டிருக்கும். இங்கே பறவை, கூடு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு பெயருக்கு இடமில்லை.

தோட்டக்காரன்58

பேரைப் பெரிய ஆராய்ச்சி ஆக்கிவிட்டீர்கள். சரி, எந்தச் சிட்டோ இருக்கட்டும். சிலந்தி வலையை எதற்குப் பூச வேண்டும்? களிமண் வைத்துக் கட்டினால் உறுதியாக இருக்குமே?

பழனிப்பறவை

நல்ல கேள்வி, ஐயா. களிமண் கனம். விரல் பருமன் குச்சியில் அதை வைத்தால் காற்றில் விரிசல் விடும். சிலந்தி நூல் எடையே இல்லாமல் ஒட்டும், இழுத்தால் நீளும். கிண்ணம் இத்தனை சிறியது, குஞ்சுகளோ ஒவ்வொரு நாளும் பருக்கும். சுவர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும் அல்லவா? கிளையோடு நிறம் கலந்துவிடுவது கூடுதல் ஆதாயம். பறவை வலையை அலகில் சுருட்டிக்கொண்டு வந்து, கூட்டின் வெளிப்புறத்தில் அலகைத் துடைப்பதுபோலத் தேய்க்கும். பிறகு உள்ளே இறங்கி மார்பை அழுத்திச் சுற்றிச் சுற்றி வரும். குழிவு அப்படித்தான் உருவாகிறது. கட்டும் நாட்களில் பார்க்க வாய்த்தால் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுங்கள். அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

வன்னிவளவு

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வளவிலும் இந்தப் பறவை உண்டு. இங்குள்ள ஆண் கூடு கட்டும் காலத்தில் உச்சி முதல் முதுகு வரை நல்ல கறுப்பு. அதன் ஆட்டத்தை யாரும் எழுதவில்லையே? கிளையிலிருந்து நேரே மேலே எம்பும். இடுப்புப் பக்கத்து வெளிர் இறகுகளை எல்லாம் உப்ப வைத்துப் பந்தாகிவிடும். பிறகு இழுத்த ஒரு சீழ்க்கையோடு சுழன்று சுழன்று புறப்பட்ட கிளைக்கே இறங்கும். இறங்கியதும் வாலை விரித்து, இறக்கைகளைத் தொங்கவிட்டு நிற்கும். முதல்முறை பார்ப்பவர் அதைப் பறவை என்றே நம்பமாட்டார்.

பாட்டும் தனி. நீண்டு மேலேறும் ஒரு சீழ்க்கை, முடிவில் சட்டென்று கீழே விழும். சில நேரம் குறுகிய சிட் சிட் ஒலிகள் மட்டும். ஒரே பறவை இத்தனை குரலில் பேசுவதால் வேறு வேறு பறவைகள் என்று எண்ணுபவர்கள் பலர்.

நெல்லிமரத்தடி

வன்னிவளவு அவர்களே, அந்தச் சீழ்க்கையேதான்! காலை முழுக்கக் கேட்கிறது. இன்று ஒன்றைப் பார்த்தேன். மஞ்சள் பறவை கூட்டை விட்டுப் பறந்தது. சற்று நேரத்தில் கறுப்பு முதுகுப் பறவை வந்து, கிளையில் இரண்டு தாவு தாவி, கூட்டில் ஏறி அமர்ந்துகொண்டது. பெண்தான் அடைகாக்கும் என்று நினைத்திருந்தேன்.

பழனிப்பறவை

மாம்பழச்சிட்டில் இருவரும் முறைபோட்டு அடைகாப்பார்கள். இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. பொதுவாக இரண்டு முதல் நான்கு முட்டைகள் இருக்கும். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ பதினான்கு நாட்கள். பிறகு குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்துப் பறக்கும் காலம் இருக்கிறது. எப்போது முட்டையிட்டது என்று தெரியாத நிலையில், வெட்ட வருபவர்களிடம் ஒரு மாதம் கேளுங்கள். அதற்குள் வேலை முடிந்துவிடும்.

தோட்டக்காரன் ஐயா முதலில் சொன்ன ஒன்றை விட்டுவிட மனம் வரவில்லை. வெட்டினால் வேறு கட்டிக்கொள்ளும் என்றார். உண்மைதான், கட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் முட்டைகள் போனது போனதுதான். அது மட்டுமல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் ‘வேட்டை’ என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. தோப்பு நம்முடையது என்பதால் கூடு நம்முடையது ஆகிவிடாது.

தோட்டக்காரன்58

சட்டம் எல்லாம் சரி. மழைக்காலத்தில் அந்தக் கிளை கம்பியில் விழுந்து ஊருக்கே மின்சாரம் போனால், மக்கள் பறவையையா திட்டுவார்கள்? அந்த அம்மாவைத்தான் திட்டுவார்கள். எழுதுகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

கரிச்சான்கூட்டாளி

நியாயமான பேச்சு. அம்மா, கம்பியில் உரசுவது கிளையின் நுனியா, கூடு இருக்கும் கவட்டையா? நுனி என்றால் அதை மட்டும் நறுக்கச் சொல்லலாம். ஆனால் கூட்டுக்கு மேலே நிழல் தரும் சிறு கிளைகளைத் தொட விடாதீர்கள். இந்தப் பருவத்து வெயிலில் மறைப்பில்லாத கூடு தாங்காது. காக்கைக்கும் அது கதவைத் திறந்து வைப்பதாகும்.

கயல்

படம் பற்றி என் கேள்விக்கு ஒருவர் ‘வேண்டாம்’ என்றதோடு நின்றுவிட்டது. காரணத்தையும் சொல்லுங்கள். நான் கூட்டைத் தொடப்போவதில்லை. தூரத்திலிருந்து எடுக்கும் லென்ஸ் என்னிடம் இருக்கிறது. கூட்டுப் படங்கள் இல்லாமல் இத்தனை விவரமும் நமக்கு எப்படித் தெரியவந்தது?

கரிச்சான்கூட்டாளி

தங்கையே, கோபத்தில் சொல்லவில்லை. காரணம் இதுதான். மனிதர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் மரத்தைக் காக்கை கவனிக்கும். செம்போத்து இலைக்குள் புகுந்து துழாவும் பழக்கம் உள்ளது. ஓணானும் பாம்பும் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். மாம்பழச்சிட்டின் கூட்டைக் கொள்ளையிடுபவர்கள் இவர்கள்தான். மறைக்கும் இலையை நாம் ஒதுக்கினால் அவர்கள் வேலையில் பாதியை நாம் செய்து கொடுத்ததாகிறது. இன்னொன்று, படம் வெளியே போனால் அடுத்தவர் அதைவிடக் கிட்டப் போகப் பார்ப்பார். பல பறவை ஆர்வலர் குழுக்கள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று வைத்திருப்பது இந்தப் போட்டியைத் தவிர்க்கத்தான்.

முன்பு எப்படித் தெரியவந்தது என்று கேட்டீர்கள். பிரிட்டிஷ் காலத்தில் முட்டைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினார்கள். அப்படித்தான். அந்தத் தகவல் கையில் இருக்கும்போது அதே விலையை மறுபடி ஏன் கொடுக்க வேண்டும்?

கயல்

பதிலுக்கு நன்றி அண்ணா. முட்டை எடுப்பதும் தூரத்து லென்ஸும் ஒன்று என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் இலையை ஒதுக்குவது கூடாது என்பது புரிகிறது. இந்தக் கூட்டைப் படம் எடுக்க நான் வரவில்லை.

வன்னிவளவு

ஒரு சந்தேகம். நெல்லிமரத்தடி அவர்களின் தோப்பில் குயில் ஏதும் கூவுகிறதா? கருங்குயில் இல்லை. செம்பழுப்பு உடம்பில் குறுக்காகக் கரும்பட்டைகள் ஓடும் சிறு குயில் ஒன்று உண்டு. நான்கு சுருதியாகச் சீழ்க்கை அடிக்கும். அது மாம்பழச்சிட்டின் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும்.

நெல்லிமரத்தடி

வேலிக்கு அப்பால் காட்டுப் பக்கம் நான்கு சுருதிச் சீழ்க்கை ஒன்று கேட்கிறது. பறவையைப் பார்த்ததில்லை. அப்படியானால் கூட்டில் இருப்பது யார் குஞ்சாக இருக்கும்? குயில் முட்டை இருந்தால் எடுத்துவிட வேண்டுமா?

பழனிப்பறவை

கூடவே கூடாது அம்மா. முதலாவது, கீழிருந்து பார்த்துக் குயில் முட்டை எது என்று சொல்ல முடியாது. ஏற வேண்டியிருக்கும், மேலே பேசிய அத்தனை கேடும் வந்து சேரும். இரண்டாவது, அந்தக் குயிலும் இந்தக் காட்டுப் பறவைதான். அதற்குக் கூடு கட்டத் தெரியாது, இவர்களை நம்பித்தான் அதன் வம்சம். தையல்சிட்டையும் கதிர்க்குருவிகளையும் நம்பி வாழும் சாம்பல்வயிற்றுக் குயில் இருப்பதுபோலத்தான். அவர்களுக்குள் நீண்ட காலமாக நடக்கும் வழக்கு இது. நாம் நாட்டாமை செய்யப் போக வேண்டாம்.

ஒருவேளை சில வாரங்களில் மாம்பழச்சிட்டு தன்னைவிடப் பெரிய குஞ்சு ஒன்றுக்குக் கிளை கிளையாகப் போய்ப் புழு ஊட்டுவதைப் பார்த்தால், உடனே இங்கே எழுதுங்கள். அது பதிவு செய்ய வேண்டிய தகவல்.

தோட்டக்காரன்58

சாம்பல்வயிற்றுக் குயில் தையல்சிட்டுக் கூட்டில் முட்டையிடும் என்றா சொல்கிறீர்கள்? போன ஆண்டு எங்கள் கொல்லையில் இரண்டு சின்னக் குருவிகள் ஒரு தடித்த குஞ்சுக்கு ஓடி ஓடி ஊட்டின. வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அது அதுதானா?

பழனிப்பறவை

இருக்க வாய்ப்பு அதிகம் ஐயா. படம் ஏதும் இருக்கிறதா?

தோட்டக்காரன்58

பேத்தி எடுத்திருப்பாள். கேட்டுப் பார்க்கிறேன்.

நெல்லிமரத்தடி

கிளை வெட்ட இன்று வந்துவிட்டார்கள். மேற்பார்வை பார்த்தவரிடம் கூட்டைக் காட்டினேன். அவருக்குப் பறவைமேல் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் “மரம் ஏறினால் தேனீ ஏதும் இருக்கிறதா” என்று கேட்டவர், கூடு என்றதும் சற்றுத் தயங்கினார். கரிச்சான்கூட்டாளி சொன்னபடி உரசும் நுனியை மட்டும் நீளக் கழியில் கட்டிய அரிவாளால் அறுத்துவிட்டுப் போனார்கள். வேலை நடந்தபோது இரண்டு பறவைகளும் புளியமரத்திலிருந்து ஓயாமல் கத்தின. அவர்கள் போனபின் நான் திண்ணையில் இருந்தபடியே பார்த்தேன். முதலில் திரும்பி வந்தது ஆண்தான். மீதிக் கிளையை அடுத்த மாதம் வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை, பறவை பார்த்த விவரங்களைப் பதிவு செய்யும் இ-பேர்டு இணையதளத்தில் பதிவிட நினைக்கிறேன். எப்படிப் போடுவது?

கரிச்சான்கூட்டாளி

நல்ல செய்தி. பறவைப் பட்டியலில் மாம்பழச்சிட்டைச் சேர்க்கும்போது இனப்பெருக்கக் குறியீடு கேட்கும் கட்டம் ஒன்று வரும். பறவை அமர்ந்திருக்கும் கூடு என்று தேர்ந்தெடுத்தால் போதும். குறிப்பில் மரத்தின் பெயர், தரையிலிருந்து உத்தேச உயரம், இரு பாலும் மாறி மாறி அடைகாத்தது ஆகியவற்றை எழுதுங்கள். எந்த வரிசையில் எந்த மரம் என்று எழுத வேண்டாம். பொரித்தபின் பெற்றோர் குஞ்சுகளின் எச்சம் அடங்கிய மலப்பையை அலகில் கவ்விக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தால் அதையும் தனியாகக் குறிக்கலாம்.

குஞ்சுகள் பறந்துபோனபின் கூட்டை எடுத்து வீட்டு அலமாரியில் வைக்கும் ஆசை வரும். அப்படியே விட்டுவிடுங்கள். அதிலுள்ள நூலையும் நாரையும் வேறு பறவைகள் பிரித்து எடுத்துக்கொண்டு போகும்.

தோட்டக்காரன்58

பேத்தி படம் அனுப்பிவிட்டாள். குஞ்சு சாம்பல் நிறம், ஊட்டுகிற குருவிக்குச் செம்பழுப்புத் தலை. எங்கே ஏற்றுவது?

மட்டுறுத்துநர்

ஐயா, குஞ்சு கூட்டை விட்டு வெளியே கிளையில் இருக்கும் படம் என்றால் தாராளமாக ஏற்றலாம். அதற்கு ‘குயில்களும் வளர்ப்புப் பெற்றோரும்’ என்று தனி இழை தொடங்கித் தருகிறேன். எடுத்த மாதத்தையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள்.